காற்றுத் தூரிகை

ஒரு கலையைப் புதிதாகக் கற்பதும், முன்பு கற்றுக் கைவிட்ட கலையை மீண்டும் பழகுவதும் ஒன்றெனவே பலர் கருதுகின்றனர். உண்மையில் இவை வேறு வேறான முயற்சிகள். புதிதாகக் கற்பவர் தமக்கு எதுவும் தெரியாது என்ற எண்ணத்துடன் தொடங்குகிறார். ஆகையால் சொன்னதைக் கேட்கிறார், படிப்படியாகச் செல்கிறார். மீண்டும் வருபவரோ தமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்துடன் வருகிறார். அவ்வெண்ணத்தில் ஒரு பகுதி மெய்; ஒரு பகுதி பொய். மெய் எது, பொய் எது என்று பிரித்தறியாதவர் சில நாட்களிலேயே மனம் சலித்து, கருவியைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்.

இவ்வுண்மையை ஒரு சிறு கைத்தொழிலைக் கொண்டு விளக்கலாம். கப்பல், விமானம், பாலம் முதலியவற்றின் மாதிரியுருக்களுக்குக் காற்றுத் தூரிகையால் நிறம் பூசுவதே அக்கைத்தொழில். எயார் பிரஷ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் அக்கருவி, பேனா அளவேயான ஓர் உலோகக் குழல். அமுக்கப்பட்ட காற்று அதன் வழியே விரைந்து வந்து, தீந்தையைப் பனி போன்ற நுண்துளிகளாக்கி வீசுகிறது. இளமையில் இதனைப் பழகி, இருபது முப்பது ஆண்டுகள் விட்டிருந்து, மீண்டும் கையில் எடுக்கும் ஒருவர் மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்கிறார் எனக் கொள்க. அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்? எதனை நம்பலாம்? எதனை நம்பலாகாது?

முதலில் மாதிரியுரு என்பது யாது என்று தெளிதல் நலம். அது சிறு பிள்ளை கயிறு கட்டி இழுத்து விளையாடும் பொம்மை அன்று. மூலப் பொருளின் ஒவ்வோர் அங்கமும் ஒரே விகிதத்தில் குறுக்கப்பட்ட உருவம் அது. விமானங்களைப் பெரும்பாலும் 72-இல் ஒரு பங்காகவும், கப்பல்களை 350-இல் ஒரு பங்காகவோ 700-இல் ஒரு பங்காகவோ அமைப்பர். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் பிளாஸ்ரிக் உறுப்புகளைத் தொகுத்து மலிவாக விற்கத் தொடங்கியது. அதன் பின்னர் இப்பொழுதுபோக்கு பல நாடுகளிலும் பரவியது. 1971 முதல் யப்பானின் ஷிசுவோக்கா நகரத்து நிறுவனங்கள், நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் காட்டும் 700-இல் ஒரு பங்குக் கப்பல்களை வரிசையாக வெளியிட்டன.

அவ்வாறு மாதிரியுருவாக வெளிவந்துள்ள கப்பல்களுள் ஒன்று மட்டக்களப்புக்கு மிகவும் உரியது. ஹேர்மிஸ் என்பது அதன் பெயர். விமானந்தாங்கிக் கப்பலாகவே தொடக்கம் முதல் திட்டமிடப்பட்ட முதற் கப்பல் அது. 1919-இல் நீரில் இறக்கப்பட்டு, 1924-இல் பிரித்தானியக் கடற்படையின் சேவையில் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்கூட்டியே எச்சரிக்கை பெற்றுத் துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்த ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பாற்பட்ட கடலில் எதிரியின் கண்ணிற்பட்டது. விமானங்களைத் தாங்குவதற்கென்றே பிறந்த அக்கப்பலில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. ஐச்சி ரகக் குண்டுவீச்சு விமானங்களின் தாக்குதலில் அது விரைவாக மூழ்கியது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். துணை வந்த வாம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அன்றே மூழ்கியது. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் உயிர் தப்பியவர்களை மீட்டெடுத்தது.

இன்று ஹேர்மிஸ் சுமார் 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. தக்க பயிற்சி பெற்ற சுழியோடிகள் மட்டுமே அதனைக் காண இயலும். கல்லடிக் கடற்கரையில் நிற்கும் மாணவனுக்கு அலையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. 600 அடி, அதாவது ஏறத்தாழ 183 மீற்றர் நீளமான அக்கப்பல், 700-இல் ஒரு பங்காகும்போது 26 சென்ரிமீற்றர் ஆகிறது. மாணவனின் அடிமட்டத்தை விடச் சற்றுக் குறைந்த நீளம். கடல் மறைத்துவிட்ட ஒன்றை மேசை மீது வைத்துக் கண்ணாற் கண்டு, கையாற் சுட்டி, பிள்ளைகளுக்கு விளக்க இதனால் முடிகிறது. மாதிரியுருவின் பயன் இதுவே.

இனி, இதற்குக் காற்றுத் தூரிகை ஏன் வேண்டும்? மயிர்த் தூரிகை போதாதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை கூறும். மயிர்த் தூரிகையால் பூசிய பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு எனக் கொள்க. கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் 700-இல் ஒரு பங்கான கப்பலில் அத்தடிப்பு, மூலக் கப்பலின் மீது 35 மில்லிமீற்றர் தடிப்பாகத் தீந்தையை அப்பியதற்குச் சமம். கதவின் விளிம்பும், ஏணியின் படியும், தளத்தின் பலகைக் கோடும் அதனுள் மறைந்துபோகும். காற்றுத் தூரிகையின் பூச்சு அதில் நாலில் ஒரு பங்கு தடிப்புடன் அமையக் கூடும். தூரிகை மயிரின் தடம் விழுவதில்லை. ஒரு நிறம் மற்றொரு நிறத்தினுள் எல்லை தெரியாமல் கலந்து மங்குவதையும் அதனால் எளிதிற் காட்டலாம்.

ஊதி நிறம் பூசும் முறை மனித இனத்தின் மிகப் பழைய கலைகளுள் ஒன்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள ஒரு குகையில், பாறை மீது கையை வைத்து, அதனைச் சுற்றிச் செந்நிறத்தை ஊதிப் பதித்த கை உருவம் காணப்படுகிறது. அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று ஆய்வாளர் 2014-இல் வெளியிட்டனர். அக்காலத்தவர் வாயால் ஊதியதை இக்காலத்தவர் பொறியால் ஊதுகின்றனர். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஏப்னர் பீலர் என்பவர் 1879-ஆம் ஆண்டளவில் காற்றால் நிறம் தெளிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். லிபர்ட்டி வாக்கப் அதனைச் சீர்ப்படுத்திப் பரப்பினார். 1890-களில் சார்ள்ஸ் பேர்டிக், பேனா போலக் கையிற் பிடிக்கத்தக்க வடிவத்தை அதற்கு அளித்தார். இன்றைய கருவியின் அமைப்புக்கு அதுவே அடிப்படை. ஒளிப்படங்களைத் திருத்தவும் விளம்பரச் சித்திரங்கள் தீட்டவும் இக்கருவி நெடுங்காலம் பயன்பட்டது. வாகனத் திருத்தகங்களில் கார்களுக்கு நிறம் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கி இதன் பெரிய உடன்பிறப்பு.

இதன் தத்துவம் எளியது. நுளம்புக்கு மருந்தடிக்கும் கைப்பம்பை அறியாதவர் இலர். ஒரு மெல்லிய குழாயின் வாயைக் கடந்து காற்று விரைந்து செல்லும்போது அவ்விடத்தில் அமுக்கம் குறைகிறது. கீழேயுள்ள திரவம் மேலே இழுக்கப்பட்டுத் துளிகளாகச் சிதறுகிறது. காற்றுத் தூரிகையில் நடப்பதும் அதுவே. ஆனால் இங்கே அளவு மிக நுணுக்கமானது. நுனித் துவாரம் மூன்று பத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவே இருக்கும், அதாவது 0.3 மில்லிமீற்றர். அத்துவாரத்தை ஒரு கூரிய ஊசி அடைத்துக்கொண்டிருக்கும். விரலால் விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னே இழுத்தால் ஊசி பின்வாங்கித் தீந்தை வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வரும். இவ்விரு செயல்களையும் ஒரே விரல் செய்ய வேண்டும்.

மறதியைப் பற்றி விஞ்ஞானம் கூறுவதை இங்கே நோக்குவது பொருந்தும். ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானிய அறிஞர் 1885-இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளை மனனஞ்செய்து தம்மையே சோதித்துக் கண்ட முடிவுகளை எடுத்துரைத்தார். முற்றாக மறந்துவிட்டதாகத் தோன்றிய பாடத்தையும் இரண்டாம் முறை கற்கும்போது, முதன்முறையிலும் குறைந்த நேரமே போதுமாயிருந்தது. மறந்ததாகத் தோன்றுவதில் ஒரு பகுதி உள்ளே தங்கியிருக்கிறது என்பது இதனால் விளங்கியது. கைத்திறன்களை ஆராய்ந்த பிற்கால அறிஞர் மேலும் ஒரு வேறுபாட்டைக் கண்டனர். துவிச்சக்கரவண்டி ஓட்டுவது போன்ற இடையறாத உடலசைவு நெடுங்காலம் மறப்பதில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய படிமுறை வரிசை விரைவில் மறந்துபோகிறது.

மீண்டும் பழகுபவர் இதிலிருந்து அறிய வேண்டுவது பெரிது. அவர் அஞ்சுவது கை நடுங்கும், விரல் தவறும் என்பதற்கே. உண்மையில் கை சில நாட்களில் தன் பழக்கத்தை மீட்டுக்கொள்ளும். முதலில் காற்று, பின் கையசைவு, அதன்பின் தீந்தை. நிறுத்தும்போது முதலில் தீந்தை, பின் கை, இறுதியிற் காற்று என்ற ஒழுங்கே அவரிடமிருந்து நழுவியிருக்கும். தீந்தையும் காற்றும் ஒருங்கே நின்றால் நுனியில் ஒரு துளி தங்கிவிடும். அடுத்த முறை காற்றைத் திறந்தவுடன் அத்துளி கப்பலின் மீது கறையாகத் தெறிக்கும். கை நிற்கும் இடத்திலே தீந்தையைத் திறந்தால் கோட்டின் தலையில் ஒரு குமிழ் தோன்றும். கை கெட்டுவிட்டது என்று அவர் வருந்துவார். கெட்டது கையன்று, வரிசை.

மூன்றாவதாக ஒன்றுண்டு. மறந்தவை ஒருபுறமிருக்க, அவர் இல்லாத காலத்தில் பொருள்களே மாறிவிட்டன. முன்னாளில் பெரிதும் வழங்கியது எண்ணெய்க் கலப்புள்ள எனாமல் தீந்தை. அதனை ரேப்பன்ரைன் போன்றவற்றால் இளக்குவர். இன்று நீர்க் கலப்புள்ள அக்கிரிலிக் தீந்தை மிகுதியாக வழங்குகிறது. பழைய நினைவில் அதனுள் ரேப்பன்ரைனை ஊற்றினால் அது கலங்கித் திரண்டு கருவியை அடைத்துவிடும். எனாமல் ஆறுதலாகக் காயும். அக்கிரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்துவிடும். எனவே முன்னர் சரியாயிருந்த அறிவே இப்போது தவறாகிறது. மீண்டும் பழகுபவருக்கு அறியாமையை விடப் பழைய அறிவே பெரிய இடையூறு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இருபது முப்பது ஆண்டுகள் ஒருவர் ஏன் கைவிட வேண்டும் என்ற கேள்விக்கு மட்டக்களப்பில் விடை தேட வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில், வீடு விட்டு வீடு மாறிய குடும்பங்கள் கையிற் கொண்டு சென்றவை உடையும் பாத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழ்களுமே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோரங்களில் உயிர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு சென்றது. பொழுதுபோக்குக்கென வைத்திருந்த கருவியைப் பற்றி அக்காலத்தில் எவரும் கவலைப்பட்டிருக்க முடியாது. ஆகவே இடைவெளியைக் குற்றமென எண்ணி நாணுதல் வேண்டா. தையல், வாத்தியம், சித்திரம், தச்சு என இவ்வாறு கைவிடப்பட்ட கலைகள் வாவிக் கரையில் எத்தனையோ. காற்றுத் தூரிகைக்குச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முறையை இனி நோக்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது கருவி. நெடுநாள் கிடந்த கருவியில் பழைய தீந்தை ஊசியோடு இறுகியிருக்கும், இரப்பர் வளையங்கள் வெடித்திருக்கும், சுருள்வில் துருப்பிடித்திருக்கும். இறுகிய ஊசியைக் குறடு கொண்டு இழுப்பவர் நுனித் துவாரத்தைப் பிளந்துவிடுவார். தக்க கரைப்பானில் முன்பகுதியை ஊறவிட்டு, இளகியபின் மெல்ல எடுத்தல் வேண்டும். துவாரத்தைக் கம்பியால் குடையலாகாது. ஊசியைக் கண்ணாடி மீது உருட்டிப் பார்த்தால் நுனி வளைந்திருப்பது தெரியும். வளைந்த ஊசி நேர்கோடு வரையாது. தீந்தை ஒரு பக்கமாகவே வீசும்.

இரண்டாவது, தீந்தை இல்லாப் பயிற்சி. கிண்ணத்தில் நீரும் சில துளி மையும் விட்டு, சதுரக் கோடிட்ட கணிதக் கொப்பியின் தாளில் பழகுவது நன்று. கோடுகள் சந்திக்கும் இடந்தோறும் ஒரு புள்ளி வைத்தல். பின் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தல். பின் கோட்டை மெல்லியதாகத் தொடங்கித் தடித்ததாக முடித்தல். இறுதியில் ஒரு கட்டத்தைக் கருமையில் தொடங்கி வெண்மையில் முடியுமாறு நிழலிடுதல். இவை நான்கும் போதும். நாளொன்றுக்கு அரை மணி நேரமாகப் பல நாட்கள் பழகுவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்திருப்பதிலும் மேலானது. தாளுக்குப் பின் பிளாஸ்ரிக் கரண்டி. அதன் முதுகின் வளைவு விமானத்தின் உடலை ஒத்தது. கரண்டியில் சரிவரப் பூச இயலாதவர் கப்பலைத் தொடலாகாது.

மூன்றாவது, பிழைகளைப் படித்தல். காற்றுத் தூரிகை செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. அதனைப் பிழையே சொல்லிவிடும். பூச்சு நாற்புறமும் சிலந்திக் கால்கள் போல ஓடினால், தீந்தை நீர்த்துள்ளது, அல்லது கை மிக அருகில் உள்ளது, அல்லது அமுக்கம் மிகுந்துள்ளது. மணல் தூவியது போல் சொரசொரத்தால், துளிகள் மேற்பரப்பை அடையுமுன்னரே காய்கின்றன. கை தூரத்தில் உள்ளது அல்லது தீந்தை தடித்துள்ளது. தோடம்பழத் தோல் போலக் குழிகள் தோன்றினால், துளிகள் பரவிச் சமப்படுமுன் இறுகிவிட்டன. கிண்ணத்தினுள் குமிழி எழுந்தால், நுனி அடைபட்டுள்ளது அல்லது சரிவரப் பொருந்தவில்லை. பொதுவாகத் தீந்தை பாலின் பதத்தில் இருக்க வேண்டும். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் வரை போதும். இவை தொடக்கத்துக்கான அளவுகளே. இறுதி அளவை நாளும் இடமும் தீர்மானிக்கும்.

நாளும் இடமும் என்று சொன்னது காரணத்தோடுதான். பிற நாட்டு நூல்கள் கூறும் அளவுகள் மட்டக்களப்பில் ஏன் அப்படியே பலிப்பதில்லை என்பதை இங்கே விளக்குதல் வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழ்பவர் இருவேறு காற்றுகளை அறிவர். ஒன்று, தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான். மற்றொன்று, மாரியைக் கொண்டுவரும் வடகீழ்க் காற்று.

கச்சான் மத்திய மலைநாட்டைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று. மலையின் மேற்குப் புறத்திலேயே தன் ஈரத்தை மழையாக இழந்துவிடுகிறது. கீழே இறங்க இறங்க அமுக்கம் கூடுவதால் வெப்பமடைகிறது. ஆகவே வறண்டும் சுட்டும் வாவியை அடைகிறது. மட்டக்களப்பில் இக்காற்று கடற்காற்றையும் வென்று, இரவிலும் வெப்பத்தைத் தாழவிடாது வைத்திருப்பதை வானிலை நூல்கள் சிறப்பாகக் குறிப்பிடுகின்றன. கச்சான் வீசும் நாளில் அக்கிரிலிக் தீந்தை ஆகாயத்திலேயே காய்ந்துவிடும், மணற்பூச்சு விழும், ஊசி நுனி நொடிக்கு நொடி அடைபடும். அந்நாட்களில் தீந்தையைச் சற்று மிகுதியாக இளக்கி, காய்வதைத் தாமதப்படுத்தும் கலவையைச் சில துளி சேர்த்து, கையை அருகே கொண்டுவர வேண்டும். வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மாரியில் இடர் எதிர்ப்புறமாக வருகிறது. லக்கர் வகைத் தீந்தை மிக விரைவாக ஆவியாகி, மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. ஈரங்கொண்ட காற்று அக்குளிர்ந்த பரப்பிற் பட்டவுடன் நீராகப் படிகிறது. பூச்சு வெண்சாம்பல் பூத்தது போல் மங்குகிறது. தீந்தை கெட்டது என்று போத்தலை எறிபவர் பலர். கெட்டது தீந்தையன்று, நாள். மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் வேளைக்குக் காத்திருந்தால் அதே தீந்தை பளிச்சென்று அமையும்.

மாரியின் மற்றொரு தொல்லை கொம்பிரசருக்குள் நடப்பது. காற்று அமுக்கப்படும்போது சூடாகிறது. கச்சானைச் சூடாக்கும் அதே விதி. பின் தொட்டியிற் குளிரும்போது தான் சுமந்த நீரைக் கைவிடுகிறது. 30 பாகை வெப்பத்தில் நூற்றுக்கு 80 ஈரப்பதனுள்ள காற்று, கன மீற்றர் ஒன்றில் ஏறத்தாழ 24 கிராம் நீரைச் சுமக்கிறது. அதனை ஐந்தில் ஒரு பங்காக அமுக்கிப் பழைய வெப்பநிலைக்கு வரவிட்டால், அந்நீரில் நாலில் மூன்று பங்கு வெளியேறிவிடும். காற்றுத் தூரிகை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கன மீற்றர் காற்றை உட்கொள்ளும் எனக் கொண்டால், மூன்று தேக்கரண்டிக்கு மேற்பட்ட நீர் தொட்டியில் சேரும். குழாயில் நீர்பொறி பொருத்தாதவருக்கு அதில் ஒரு துளியேனும் வந்து கப்பலின் மீது விழாது போகாது. வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடல் வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊரில் இதனைச் செய்யாவிடின் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அமுக்கம் தாங்கும் கலம் துருப்பிடிப்பது ஆபத்தானது.

ஆபத்து என்றதும் உடல்நலத்தையும் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துளிகள் சுவாசப்பைக்குள் செல்லக் கூடியவை. லக்கர், எனாமல் ஆகியவற்றின் ஆவி தலைச்சுற்றைத் தரும்; எளிதில் தீப்பற்றவும் செய்யும். ஆவியைத் தடுக்கும் முகமூடியும், வெளியே காற்றை இழுத்துவிடும் விசிறியும் இல்லாமல் அடைத்த அறையில் இவ்வேலையைச் செய்யலாகாது. குப்பிவிளக்கோ அடுப்போ அருகில் இருத்தலும் ஆகாது. சிறுவரோடு பழகுபவர் நீர்க் கலப்புள்ள தீந்தையையே பயன்படுத்துதல் தகும். அப்போதும் முகமூடி வேண்டும்.

கருவியும் கையும் காற்றும் ஒருவாறு இணங்கியபின் ஹேர்மிஸ் கப்பலைத் தொடலாம். அதன் நிறம் போர்க்கப்பலின் சாம்பல். ஆனால் மூலக் கப்பலின் சாம்பலை அப்படியே மாதிரியுருவிற் பூசினால் அது கருத்துக் கனத்துத் தோன்றும். தொலைவு நிறத்தை மாற்றும் என்பதே காரணம். குடும்பிமலையை அண்மையிற் கண்டவர் அதன் கரும்பாறையையும் பசுமையையும் அறிவர். தொலைவிலிருந்து காண்பவருக்கு அது நீலம். 26 சென்ரிமீற்றர்க் கப்பலை மேசையில் வைத்துப் பார்ப்பது, மூலக் கப்பலைப் பல நூறு மீற்றருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்கு ஒப்பானது. ஆகவே சாம்பலுடன் சிறிது வெண்மை கலத்தல் வேண்டும். முதலில் மெல்லிய அடிப்பூச்சு. அதன்மேல் நிறத்தை ஒரே முறையில் அல்லாது, மூன்று நான்கு மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் மற்றொன்றாகப் பூச வேண்டும். முதற் படை பாதி மறைத்தாற் போதும். முதற் படையிலேயே முழுதும் மறைக்க முயல்வது அவசரக்காரரின் பிழை. மீண்டும் பழகுபவரின் பிழையும் அதுவே.

துருவும் அழுக்கும் காட்டுவதில் சிலருக்கு ஆசை மிகுதி. ஹேர்மிஸ் சேவையில் சேர்ந்த அதே 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தை உற்று நோக்கினால் துருவின் இயல்பு தெரியும். அது எங்கும் சமமாகப் பரவுவதில்லை. நீர் தேங்கும் மூட்டுகளிலும் ஆணிகளின் கீழும் தொடங்கி, நீர் வடியும் வழியே கோடாக இறங்குகிறது. கண்ட இடமெல்லாம் செம்மை தெளிப்பவர் பாலத்தையும் பார்த்ததில்லை, கப்பலையும் பார்த்ததில்லை. எரிந்த கப்பலாகவும் உடைந்த கப்பலாகவும் அதனைச் செய்து காட்சிக்கு வைப்பவரும் உளர். 307 மாந்தரின் கல்லறையாகிய அதனை, அவர்கள் பணி செய்த நாளில் எவ்வாறு மிதந்ததோ அவ்வாறு காட்டுவதே பண்பு. பெயரும் ஆண்டும் மாண்டவர் தொகையும் எழுதிய சிறு பலகை அருகில் இருந்தால் போதுமானது.

இவ்வாறு மீட்டுக்கொண்ட திறன் ஒரு கப்பலோடு முடிய வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். நில அளவைத் திணைக்களத்தின் 50,000-இல் ஒரு பங்குப் படத்தின் அளவிலேயே அதன் நிலத்தோற்ற மாதிரியுருவை அமைத்தால், அது 112 சென்ரிமீற்றர் நீளமாகும். ஒரு வகுப்பறை மேசையில் அடங்கும் அளவு. ஆழங்குறைந்த இடத்தில் இளம்பச்சையாகவும், ஆழமான இடத்தில் நீலமாகவும், கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மற்றொரு சாயலாகவும், எல்லை தெரியாமல் நிறம் மாறிச் செல்வதைக் காற்றுத் தூரிகை போல் வேறெதுவும் காட்டாது. கண்டல் மரக் கரையும் வயல்வெளியும் மணற்றிடலும் அதில் இடம்பெறும். தம் ஊர் எங்கே, ஆற்று நீர் எவ்வழியே வந்து சேர்கிறது, மாரி வெள்ளம் எவ்வழியே கடலுக்குப் போகிறது என்று பிள்ளைகள் விரலால் தொட்டு அறிவர். தேசப்படத்தில் ஒரு நீலக் கோடாக மட்டும் கண்ட வாவி அவர்களுக்கு உண்மையான நீர்ப்பரப்பாகும்.

கைவிட்ட கலையை மீண்டும் எடுக்க விரும்பும் நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டியவை மூன்று. கையின் பழக்கம் தானே திரும்பும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. செய்முறையின் வரிசை திரும்பாது. அதனைப் புதிதாக எழுதி வைத்து, ஒவ்வொரு நாளும் பார்த்துப் பழக வேண்டும். தீந்தையும் காற்றும் காலமும் முன்பிருந்தவையல்ல. அவற்றிடம் இன்றே கற்க வேண்டும். முன்பு அழகிய கப்பல்கள் செய்தவர், இன்று கணிதக் கொப்பியில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பதை வீட்டார் கண்டு நகைக்கலாம். அந்நகைப்பைப் பொறுத்துச் சில வாரங்கள் அமர்ந்திருப்பவருக்குக் கலை திரும்பி வரும். இரண்டாம் முறை கற்றவருக்கு ஒவ்வொரு படியின் காரணமும் தெரிந்திருக்கும். ஆகவே அவர் அருகில் ஒரு சிறுவனோ சிறுமியோ அமர்ந்து, ஏன் முதலில் காற்று என்று கேட்டால், அவர் காரணத்தோடு விடை கூறுவார்.